பூமிக்குள் குழாய் இறக்கினால் சான்றிதழ் வருமா, ஆச்சி?

கேள்வி: பள்ளத்தூரில் எங்கள் வீடு, மாமனாரின் அப்பச்சி கட்டியது. நான்கு பங்காளிகளுக்குப் பங்கு உண்டு. பூட்டிக் கிடப்பதைவிட எட்டு அறைகளைச் சரிசெய்து விருந்தினர் தங்கும் வீடாக நடத்தலாம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். என் மகன் அமெரிக்காவில் மேரிலாந்தில் இருக்கிறான். அவன் வீட்டுத் தோட்டத்தில் பூமிக்குள் குழாய் இறக்கி, வெப்பப் பம்பு வைத்து வீட்டைச் சூடாக்கவும் குளிரவைக்கவும் செய்கிறான். அதற்கு மேல் ஆண்டுதோறும் 'கிரெடிட்' விற்றுப் பணமும் வருகிறதாம். நம் வீட்டிலும் அதையே செய்யச் சொல்கிறான். இங்கே ஒரு நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டு, கிரெடிட் பதிவுக்கு மட்டும் 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? நம் ஊரில் இது பலன் தருமா?

ஆச்சிக்கு வணக்கம்.

முன்பணக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கொடுக்காதீர்கள். அவர்கள் 'கிரெடிட்' என்று சொல்வது புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழை. இந்தியாவில் வீட்டு வெப்பப் பம்புக்கு அது கிடையாது. இல்லாத சான்றிதழுக்குப் பதிவுக் கட்டணம் எங்கிருந்து வரும்? அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கத் துண்டறிக்கை ஒன்றைத் தமிழில் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு தாங்களே நம்பி அலைகிறவர்களாகவும் இருக்கலாம். உங்கள் பணம் போவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆனால் உங்கள் மகன் சொல்வது பொய்யல்ல. மேரிலாந்தில் மின்சாரம் விற்கும் நிறுவனங்கள், தாங்கள் விற்பதில் இவ்வளவு பங்கு புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து வந்தது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர்கள் காட்டக் கூடியவர்களிடம் சான்றிதழ் வாங்கி ஈடுகட்டுவார்கள். ஒரு மெகாவாட் மணிக்கு, அதாவது நம் மீட்டர் கணக்கில் 1,000 யூனிட்டுக்கு, ஒரு சான்றிதழ். சூரியத் தகடு, காற்றாலை என்று மின்சாரம் பிறக்கும் இடங்களுக்குத்தான் இது பொதுவாகப் பொருந்தும். 2012இல் அந்த மாநிலம் ஒரு படி மேலே போய், பூமிக்குள் குழாய் இறக்கிய வெப்பப் பம்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். பம்பு மின்சாரத்தை உண்டாக்குவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் வெப்பத்தை பி.டி.யூ. என்ற வெப்ப அலகில் கணக்கிட்டு மெகாவாட் மணியாக மாற்றிக்கொள்கிறார்கள். 34 லட்சத்து 12 ஆயிரம் பி.டி.யூ. சேர்ந்தால் ஒரு மெகாவாட் மணி. மாநில ஆணையத்தின் சான்று பெற்று, சான்றிதழ்களுக்கான பதிவேட்டில் கணக்குத் தொடங்கிய பிறகு அதை விற்கலாம். 2021இல் வந்த இன்னொரு சட்டம், நிறுவனங்கள் வாங்க வேண்டியதில் ஒரு பகுதியைப் புவிவெப்ப அமைப்புகளுக்கென்றே தனியாக ஒதுக்கியது. ஆக, அங்கே வாங்க ஆள் இருப்பதற்குக் காரணம் சட்டம். பம்பின் சாமர்த்தியம் அதில் ஒன்றும் இல்லை.

மகனோடு பேசும்போது ஒன்றை மட்டும் பிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். 'கிரெடிட்' என்ற ஒரே சொல்லில் அவர் இரண்டு வரவுகளைச் சொல்லியிருக்கக் கூடும். ஒன்று, ஆண்டுதோறும் விற்கும் இந்தச் சான்றிதழ். மற்றது, பம்பு வைத்த செலவில் 30 சதவீதத்தை ஒரே தடவை வருமான வரியில் கழித்துக்கொள்ளும் அமெரிக்க மத்திய அரசின் சலுகை. அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31க்குப் பிறகு செய்யும் செலவுகளுக்கு இல்லை என்று அங்கே சட்டம் மாறிவிட்டது. முதல் போட்டவருக்கு எந்த வரவு எந்தப் பேரில் விழுந்தது என்று தெரியாமல் பேரேட்டைப் பார்த்துப் பயன் இல்லை. இதை உங்கள் வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் பக்கம். இந்தியாவிலும் சான்றிதழ்ச் சந்தை இருக்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010இல் விதி வகுத்தது, 2011இல் விற்பனை தொடங்கியது. இங்கும் அடிப்படைக் கணக்கு ஒரு மெகாவாட் மணிக்கு ஒரு சான்றிதழ்தான். ஆனால் இங்கே சட்டம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: எத்தனை யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்தாய்? உங்கள் பம்பு ஒரு யூனிட்கூட உற்பத்தி செய்யாது. அது மின்சாரத்தை வாங்கி, வெப்பத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளும் இயந்திரம். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசியப் புவிவெப்பக் கொள்கையில் இந்த வகைப் பம்பின் பெயர் வருகிறது, உண்மைதான். கொள்கையில் பெயர் வருவது வேறு, சந்தையில் சான்றிதழ் விற்பது வேறு.

ஒருவேளை நாளைக்கே விதி மாறினாலும் அந்த வரவை நம்பிக் கட்டடம் கட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். சூரிய மின்சாரச் சான்றிதழுக்கு ஆணையம் வைத்த அடிமட்ட விலையைப் பாருங்கள். 2012இல் 9,300 ரூபாய், 2015இல் 3,500, 2017இல் 1,000. 2022 விதிகளில் அடிமட்ட விலை என்பதையே எடுத்துவிட்டார்கள். 9,300 இருக்கும் என்று நம்பி வட்டிக்கு வாங்கிப் போட்டவர்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. கொடுக்கல் வாங்கலில் ஊறிய ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சரி, சான்றிதழை மறந்துவிடுவோம். பம்பு பம்பாகவே லாபமா? எனக்கு இதுதான் சுவையான கேள்வி.

மேரிலாந்தில் இருபது, முப்பது அடி ஆழத்துக்குக் கீழே மண் ஆண்டு முழுவதும் 13, 14 டிகிரியில் நிற்கிறது. ஜனவரியில் வெளியே பனி உறையும்போது அந்த மண் அவர்களுக்குக் கணப்பு, ஜூலையில் வெயில் ஏறும்போது அதே மண் ஊற்றுத் தண்ணீர். குளிர்காலத்தில் பூமியிடம் வாங்கிய வெப்பத்தைக் கோடையில் திருப்பிக் கட்டிவிடுகிறார்கள், கணக்கு ஏறத்தாழ நேராகிவிடுகிறது. பூமியின் ஆழ வெப்பம் என்பது பெரும்பாலும் அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம்தான். அப்படியானால் நம் ஊரில் எவ்வளவு என்று நீங்களே ஊகிக்கலாம்.

நான் ஊகிப்பதோடு நிற்கவில்லை. போன மே மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டில் மின்சாரத் தணிக்கைக்குப் போயிருந்தேன். பின்கட்டுக் கிணற்றில், வாளிக் கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்கினேன். மணி பிற்பகல் மூன்று. முற்றத்தில் நிழலில் 39 டிகிரி. கால் மணி நேரம் கழித்துக் கயிற்றை இழுத்தால் 29. பக்கத்தில் நின்ற சமையல்கார அம்மாள், "இவ்வளவு வெயிலில் தண்ணீர் எப்படி ஜில்லென்று இருக்கிறது பாருங்கள்" என்றார். கைக்கு ஜில்லென்றுதான் இருந்தது. பத்து டிகிரி வித்தியாசம் என்பது சும்மா இல்லை.

ஆனால் அன்று இரவு பத்தரை மணிக்கு அதே முற்றத்தில் மறுபடி பார்த்தேன். காற்று 30. கிணறு அதே 29. உங்கள் விருந்தினர்கள் குளிர்சாதனத்தை எப்போது போடப்போகிறார்கள்? பகல் மூன்று மணிக்கு அவர்கள் ஆத்தங்குடியில் பூக்கல் வார்ப்பதைப் பார்த்துக்கொண்டோ, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் பேரம் பேசிக்கொண்டோ இருப்பார்கள். அறைக்குள் வந்து சுவிட்சைத் தட்டுவது இரவில். அந்த நேரத்தில் வெப்பத்தைக் காற்றில் கொட்டினாலும் ஒன்றுதான், முந்நூறு அடி ஆழத்தில் கொட்டினாலும் ஏறத்தாழ ஒன்றுதான். அந்த ஒரு டிகிரிக்காகவா ஆழ்துளை போடுவது?

போதாக்குறைக்கு, நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று இல்லை. மார்கழியில் கம்பளி தேடும் நாட்கள் இருக்கலாம், வீட்டைச் சூடாக்க வேண்டிய நாள் கிடையாது. ஆக, நாம் பூமியில் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருப்போம், ஒரு பொழுதும் எடுக்க மாட்டோம். குழாயைச் சுற்றியுள்ள மண் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறும். காய்ந்த செம்மண்ணும் செம்பூராங்கல்லும் வெப்பத்தை வேகமாகக் கடத்திவிடுகிற சரக்கல்ல. முதல் இரண்டு கோடையில் நன்றாக ஓடிய பம்பு போகப் போகத் திணறலாம்.

செலவையும் பாருங்கள். ஒரு டன் குளிர்ச்சிக்கு 150 முதல் 200 அடி வரை ஆழ்துளை வேண்டும் என்பது இந்தத் தொழிலில் மேலோட்டமாகச் சொல்லும் கணக்கு. எட்டு அறைக்கு எட்டு டன் என்று வைத்தாலும் 1,200 அடிக்குக் குறையாது. தண்ணீருக்குப் போடும் போர்வெல் மாதிரி துளைத்துவிட்டுப் போகவும் முடியாது. ஒவ்வொரு துளையிலும் வளைகுழாய் இறக்கி, சுற்றிலும் களிக்கலவை நிரப்பி அடைக்க வேண்டும். ரிக் வண்டி பின்கட்டுக்குள் வர வழி இருக்கிறதா? இருந்தாலும் அந்த அதிர்வை நூறு வருடச் சுண்ணாம்புச் சுவருக்குப் பக்கத்தில் அனுமதிக்க நான் தயாரில்லை. முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த அந்தப் பூச்சு விரிசல் விட்டால் திரும்பப் பூச ஆள் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்கும். கிடைத்தால் அவர் சொன்னதுதான் கூலி.

இவ்வளவு சொல்லிவிட்டு வெப்பப் பம்பே வேண்டாம் என்று முடிக்கப்போகிறேன் என்று நினைக்காதீர்கள். பூமியில் குழாய் இறக்கும் பம்புதான் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. குளிக்கும் வெந்நீருக்குக் காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும் பம்பு இருக்கிறது. அதற்கு நம் ஊர் சொர்க்கம். வெளிக்காற்று 30 டிகிரியில் இருந்தால் அது சுகமாக ஓடும். 100 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 52க்கு ஏற்ற கீசருக்கு ஏறத்தாழ 3 யூனிட் செலவு. இந்தப் பம்புக்கு ஒரு யூனிட் சுற்றி முடிந்துவிடும். எட்டு அறையும் நிறைந்த நாளில் 500 லிட்டர் வெந்நீர் என்று வைத்தால் 15 யூனிட் வேலை 5 யூனிட்டில் நடக்கும். குளியலறைக்கு ஒரு கீசர் மாட்டுவதற்குப் பதில் பின்கட்டில் தொட்டியோடு ஒரே பம்பை வைத்து, அங்கிருந்து மேல்உறை போட்ட குழாயில் அறைகளுக்குக் கொண்டுபோகலாம். வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு அது வெளியே தள்ளும் காற்று குளுகுளுவென்று வரும். அதை அடுக்களைப் பக்கம் திருப்பிவிட்டால் சமைக்கிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

அடுத்தது மின்விசிறி. சிறிய சமாச்சாரமாகத் தெரியும். சாதாரண விசிறி 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. என்ற சிக்கன வகை மோட்டார் வைத்தது 30 வாட் அளவில் ஓடும். பத்து விசிறி பத்து மணி நேரம் ஓடினால் ஒரு நாளில் நாலரை யூனிட் மிச்சம். நடுமுற்றமான வளவைச் சுற்றியுள்ள அறைகளில் சுவர் கனமாக இருப்பதால் பகலில் விசிறியே போதும். மாலை ஏழு மணிக்கு மேல் முகப்புக் கதவிலிருந்து பின்தெருக் கதவு வரை நேர்கோட்டில் எல்லாக் கதவையும் திறந்துவிட்டால் முற்றத்துச் சூட்டைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு வீட்டை நீட்டிக் கட்டியவர்கள் கதவுகளை ஒரே கோட்டில் வைத்தது சும்மா இல்லை. குளிர்சாதனம் கேட்கிற விருந்தினர்கள் இருக்கத்தான் செய்வார்கள். முதலில் மேல்மாடி அறைகளுக்கு மட்டும் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் வகை போடுங்கள், வெயில் நேராக இறங்குவது அங்கேதான். தேக்கு உத்தரத்தை மறைத்து அட்டைக் கூரை அடிக்க எவர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். (இது எரிசக்தி ஆலோசனை அல்ல, என் மனக்குறை.)

வரவு வரும் வழி உங்களுக்கு ஒன்று இருக்கிறது. அது பூமிக்குள் இல்லை, கூரைமேல் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட் தகடு நம் பக்கத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாத பில்லுக்கு 720 யூனிட் அளவில் கிடைக்கும். நிகர அளவீட்டு மீட்டர் வைத்தால் பகலில் நீங்கள் கொடுத்தது இரவில் எடுத்ததோடு கழிந்துபோகும்.

'அப்படியானால் அந்த யூனிட்டுக்குச் சான்றிதழ் உண்டா?' என்று மகன் கேட்பார். உங்கள் கூரையில் பிறக்கும் பசுமை மின்சாரத்தை மின்பகிர்மானக் கழகம், இவ்வளவு பங்கு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற தன் கட்டாயக் கணக்கில் காட்டிக்கொள்ளும். சிறிய நிலையங்களிலிருந்து இவ்வளவு பங்கு என்று அவர்களுக்குத் தனி இலக்கே இருக்கிறது. ஒரே மாட்டை இரண்டு சந்தையில் விற்க முடியாது. உங்களுக்கு வருவது பில்லில் குறைவது மட்டும்தான். அதிகமாகப் போட்டு விற்றுச் சம்பாதிக்கலாம் என்று நினைக்காமல் வீட்டின் செலவை ஒட்டிப் போடுங்கள்.

தகட்டை நாட்டு ஓட்டின்மேல் வைக்கச் சம்மதிக்காதீர்கள். ஒரு ஓடு நகர்ந்தால் ஐப்பசி மழை வளவுக்குள் வராது, அறைக்குள் வரும். முகப்பு மொட்டை மாடியும் வேண்டாம், அந்தச் சுதைச் சிற்பங்களுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் தெரிந்தால் விருந்தினர் எடுக்கிற முதல் படமே கெட்டுவிடும். பின்தெருப் பக்கம் வண்டி நிறுத்தக் கொட்டகை ஒன்று எப்படியும் போடுவீர்கள். அதன் கூரையாகவே தகட்டை வையுங்கள். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி. தெற்கு நோக்கி, பத்து டிகிரிச் சரிவு. காரைக்குடி பத்தாவது பாகையில் இருக்கிறது என்பதால் அது போதும். பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் எந்த மணிக்கு எங்கே விழுகிறது என்று ஒரு நாள் சாக்பீஸால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு முடிச்சு. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப்போயிருக்கிறீர்கள், வேலை நிற்பது பெரும்பாலும் அங்கேதான். நான்கு பங்காளி என்கிறீர்கள். மின் இணைப்பு யார் பெயரில்? நான் போய்ப் பார்த்த வீடுகள் பலவற்றில் அட்டையில் இருக்கும் பெயர்க்காரர் சுவரில் மாலையோடு இருக்கிறார். மானியம் இணைப்புதாரரின் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். ஆகவே முதல் வேலை பெயர் மாற்றம். புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு மீட்டர் என்று தனித்தனியாக இருந்தால், எந்த மீட்டரோடு தகட்டை இணைக்கிறீர்களோ அந்த பில்தான் குறையும். மற்றவர் பில் குறையாது. அதை எப்படிப் பகிர்வது என்று இப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இந்த மானியம் குடியிருப்பு இணைப்புக்கு மட்டும். விருந்தினரிடம் வாடகை வாங்கத் தொடங்கினால் கட்டண வகை மாறுமா, மாறினால் எந்தப் பகுதிக்கு என்று உங்கள் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு ஒரு மீட்டர், விருந்தினர் அறைகளுக்கு வேறு மீட்டர் என்று பிரித்துவிட்டால் பின்னால் தலைவலி குறையும்.

பங்காளிகளின் சம்மதக் கடிதத்தை முத்திரைத்தாளில் நான்கு பிரதி தயார் செய்து வைத்திருங்கள். பொங்கலுக்கு ஊருக்கு எல்லாரும் வருவார்கள் அல்லவா, அன்றே கையெழுத்து வாங்கிவிடலாம். அதற்குள் கடைசி ஆறு பில்லையும் கட்டுவாரியாக வீட்டின் வரைபடத்தையும் அனுப்பிவையுங்கள், எத்தனை கிலோவாட் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன்.